ஏழாவது பொய்

யாழ்ப்பாணத்து இணுவிலில் கலியாணம் பேசிக் கொடுக்கும் உதயகலாவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று ஊரார் சொல்வதை அவள் ஒப்புக்கொள்வதில்லை. ஆயிரம் சொன்னால் எதை யாரிடம் சொன்னோம் என்பது மறந்துபோகும். பிறகு முழிக்க வேண்டியதுதான். ஒரு சம்பந்தத்துக்கு ஏழு பொய் போதும். அதற்கு மேல் ஒன்று சொன்னாலும் அது தொழில் இல்லை, துரோகம் என்பது அவளுடைய கட்சி.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடம்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஒன்பது குடும்பங்களோடு நெரிந்துகொண்டு இருந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று. தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் நட்சத்திரமும் நிவாரண வரிசையில் நின்ற ஒரு பொடியனின் நட்சத்திரமும் நன்றாகப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, அடுத்த நாள் இருவரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தாள். அதுதான் முதலாவது. அவளுடைய சொந்தக் கலியாணம் ஆறாவதாக வந்தது. மூன்று பெண் வீட்டார் வேண்டாம் என்று திருப்பிவிட்ட அருளம்பலத்தை வீணாக்க மனமில்லாமல் தானே கட்டிக்கொண்டாள். அவர் இன்றுவரைக்கும் அதைப்பற்றி முறைப்பாடு எதுவும் செய்ததில்லை. செய்தாலும் கேட்க ஆளில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. கட்டிக்கொடுத்தது நாற்பத்திரண்டு சோடி. ஆனால் கடந்த வருடம் இரண்டு சம்பந்தங்கள் அடுத்தடுத்துக் குழம்பிப்போயின. அதில் ஒன்று போனில் பெண்ணைக் காட்டப் போய்க் கெட்டது. மாப்பிள்ளை வீட்டார் அரை மணித்தியாலம் சீலிங் ஃபானை மட்டும் பார்த்துவிட்டு, "பிள்ளை ஏன் சுத்திக்கொண்டே இருக்கிறா?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து எந்தப் பெண் பார்க்கும் படலமும் லப்டொப்பில்தான் என்று உதயகலா தீர்மானித்துவிட்டாள்.

லப்டொப் ஜேர்மனியில் இருக்கும் தம்பி அனுப்பியது. அவனுக்கு வேண்டாம் என்றுதான் அனுப்பினான். அன்பினால் என்று இவள் சொல்லிக்கொள்வாள். அறுநூறுக்கு மேற்பட்ட குறிப்புகளை அதற்குள் ஏற்றி வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் சாதகத்தைக் குறிப்பு என்போம். அது இல்லாமல் இங்கே வாய் திறந்து கலியாணம் பேச முடியாது. போன வருடக் கடைசியில், அந்தப் பழைய விண்டோஸுக்கு இனி அப்டேற் வராது என்று ஆனதும், முன்வீட்டு ஆரணி வந்து அதைக் கழற்றிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். ஆரணி யாழ்ப்பாண நகரில் ஒரு கம்பனியில் கணினிகளைப் பராமரிக்கிறவள், இருபத்தெட்டு வயது, கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரிக்குத்தான் உதயகலா இப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகக் காத்துவந்த ஒரு விதியை இதற்காக மீறியிருந்தாள்: சொந்த ஒழுங்கைக்குள் கலியாணம் பேசுவதில்லை என்ற விதி. ஒழுங்கை என்கிற அந்தச் சின்னச் சந்தின் அகலம் இரண்டு எட்டு. எதிர்வீட்டுப் படலைக் கதவைத் திறந்தால் ஆரணியின் தாய் றஜனியின் முகம். தேங்காய், கறிவேப்பிலை, பாம்பு கண்ட செய்தி, எல்லாம் அந்த இரண்டு எட்டைத் தாண்டித்தான் போய்வரும். இந்தச் சம்பந்தம் குழம்பினால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் உதயகலாவின் கவலை.

மாப்பிள்ளை தனோஜன், டென்மார்க்கில் இருக்கிறான். தாய் அருந்ததியும் அவனும் மட்டும். பங்குனி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், ராகு காலம் முடிந்து பன்னிரண்டே காலுக்கு, இரு வீட்டாரும் முதன்முதலாக முகம் பார்த்துக் கதைப்பதென்று முடிவாகியிருந்தது. அதுவரை பெண்ணுக்கும் பொடியனுக்கும் ஒருவர் நம்பரை மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது உதயகலாவின் இன்னொரு விதி. நம்பர் போனால் பிறகு புரோக்கர் எதற்கு?

அந்த வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை லப்டொப் தானாக எதையோ இறக்கி ஏற்றியது. அணைத்து மறுபடி போட்டால், திரை கறுப்பு. அடுப்புக்கரி கெட்டது, அத்தனை கறுப்பு.

உதயகலா பதறவில்லை. முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தாள். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து லப்டொப்பை மூன்று தரம் சுற்றி நாவூறு கழித்தாள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடி கிளம்பி அருளம்பலம் இருமினார். லப்டொப் இருமவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

மத்தியானம் அருளம்பலம் மேசைக்கடியில் விழுந்த கண்ணாடியைத் தேடி ரோச் லைற் அடித்தார். வெளிச்சம் தவறித் திரையில் பட்டது. அந்தக் கறுப்புக்குள் ஒரு மீசை தெரிந்தது.

"இஞ்சாரும், உதுக்குள்ளை ஒரு மனிசன் நிக்கிறான்!" என்று கத்தினார் அவர்.

உதயகலா ஓடிவந்து பார்த்தாள். அவளுடைய கோப்புகளின் பின்னணிப் படமாக அவள் போட்டு வைத்திருந்த தனோஜன்தான். ரோச்சைச் சரித்துப் பிடித்தால் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. உயிர் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

உயிர் இருக்கிறதென்றால் அடுத்தது என்ன? குறிப்புப் பார்க்க வேண்டியதுதான். லப்டொப்பைப் பிரட்டினாள். அடியில் ஒட்டியிருந்த துண்டில் அது செய்யப்பட்ட நாள் இருந்தது, 2013 யூன் 14. உடனே தம்பிக்கு ஜேர்மனிக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, உந்த லப்டொப் எத்தினை மணிக்குப் பிறந்ததெண்டு தெரியுமோ?"

"அக்கா, அது பிறக்கேல்லை. கடையிலை வாங்கினது."

"விசர்க்கதை கதையாதை. பகலோ, இரவோ? அதையெண்டாலும் சொல்லு."

தம்பி போனை வைத்துவிட்டான். நேரம் தெரியாதபடியால் லக்கினம் போட முடியவில்லை. நாளை வைத்துக் கணித்ததில் மக நட்சத்திரம், சிம்ம ராசி என்று வந்தது. அட்டமத்துச் சனி நடக்கிறது! உதயகலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. காரணம் தெரிந்துவிட்டால் பாதி வருத்தம் மாறினமாதிரி. மீதிப் பாதிக்கு ஆரணியைக் கூப்பிட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் ஆரணி வேலையால் வந்த கையோடு, கைப்பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஒழுங்கையைத் தாண்டி வந்தாள். உதயகலா சனியின் சஞ்சாரத்தை விளக்கத் தொடங்க, அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அன்ரி, அந்த ரோச்சைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றாள்.

உதயகலா பிடித்தாள். பிடித்த பிறகுதான் தன் மடத்தனம் உறைத்தது. பின்னணியில் நிற்பது பெண் வீட்டுக்குக் கொடுத்த படம் அல்ல. அந்தப் படத்துக்கு ஐந்து வயது. இது போன மாதம் அருந்ததி அனுப்பியது. ரோச் வெளிச்சம் கண்ணில் பட்டது, புருவத்தில் பட்டது, நெற்றிக்கு ஏறியது, இன்னும் ஏறியது.

"அன்ரி, நெத்தி இன்னும் முடியேல்லை" என்றாள் ஆரணி.

"அது ரோச் செய்யிற வேலை, பிள்ளை" என்று உதயகலா வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள்.

ஆரணி சிரித்தாள். "இருக்கட்டும். முடியோடையே கதைக்கப்போறன்?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒரு பொய் உடைந்தும் வீடு இடியவில்லையே என்று உதயகலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆரணி முதலில் வெளிச்சம் கூட்டுகிற பொத்தானை அமத்திப் பார்த்தாள். அசைவில்லை. லப்டொப் செய்த கம்பனியின் இணையத்தளத்தில் தேடினாள். பத்து வருடமாக அங்கே புதிதாக ஒன்றும் போடவில்லை, இருந்ததும் விண்டோஸில் மட்டும் ஓடுவது. பிறகு என்னென்னவோ எழுத்துகளைத் திரை நிறைய ஓடவிட்டு வாசித்தாள். உதயகலாவின் ரோச் பிடித்த கை மரத்துப்போனது. முக்கால் மணித்தியாலம் கழித்து ஆரணி நிமிர்ந்து, "பிடிச்சிட்டன்" என்றாள்.

"சனியையோ?"

"இல்லை அன்ரி, பொய்யை."

ஏழில் எது என்று உதயகலா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

"லப்டொப்புக்குள்ளை கம்பனிக்காரன் எழுதி வைச்ச ஒரு சின்னப் புரோகிறாம் இருக்கு. பேர்ம்வெயார். லைற், விசிறி, பற்றறி எல்லாத்தையும் அதுதான் பாக்கிறது. லினக்ஸின்ரை பக்கத்திலை பெரிய மனிசர் கேர்ணல். லப்டொப்பைப் போடேக்கை ரெண்டு பேரும் கதைப்பினம். பேர்ம்வெயார் கேக்கும், நீர் விண்டோஸோ எண்டு. கேர்ணல் ஓம் எண்டும்."

"அது விண்டோஸ் இல்லையே!"

"இல்லைத்தான். ஆனா உந்த லப்டொப்புகளை விண்டோஸுக்கெண்டுதானே செய்யிறவை. இல்லையெண்டு உண்மையைச் சொன்னால் பேர்ம்வெயார் அரைகுறையாத்தான் வேலை செய்யும். அதாலை எந்த வருசத்து விண்டோஸ் எண்டு கேட்டாலும் கேர்ணல் ஓம், ஓம், ஓம்."

உதயகலா ரோச்சை மேசையில் வைத்தாள். இவ்வளவு காலமும் தன் மேசைக்கு மேல் தன் தொழிலையே செய்துகொண்டு ஒருவர் இருந்திருக்கிறார், தனக்குத் தெரியவில்லையே! மரியாதையோடு கேர்ணலைப் பார்த்தாள், அதாவது கறுப்புத் திரையைப் பார்த்தாள்.

"கெட்டிக்காரன்தான். அப்ப எங்கை பிழைச்சது?"

"2012 விண்டோஸோ எண்டு கேட்டதுக்கும் ஓம் எண்டிட்டுது. உடனை பேர்ம்வெயார், நல்லது, அப்ப திரை வெளிச்சத்தை நீரே பாரும் எண்டு கையை எடுத்திட்டுது. பழைய கேர்ணல் எப்பிடியோ சமாளிச்சது. நேற்று இறங்கின புதுக் கேர்ணல், அது பேர்ம்வெயாரின்ரை வேலை எண்டு இருக்குது. ரெண்டு பேரும் மற்றவர் பாப்பார் எண்டு இருக்க, லைற் இல்லை."

உதயகலாவுக்கு இது நன்றாகவே விளங்கியது. அவள் செய்துவைத்த பதினேழாவது கலியாணத்தில் மேளத்தை மாப்பிள்ளை பகுதி பிடிக்கும் என்று பெண் பகுதியும், பெண் பகுதி பிடிக்கும் என்று மாப்பிள்ளை பகுதியும் இருந்து, தாலிகட்டும் நேரத்தில் ஒரு பெரியவர் வாயாலேயே கெட்டிமேளம் கொட்ட வேண்டி வந்தது.

"அப்ப இனி உண்மை முழுக்கச் சொல்லவைக்கப் போறீரோ?"

"ஐயோ, வேண்டாம். முழு உண்மையும் சொன்னால் விசிறி நிண்டிடும். மற்றப் பொய்யெல்லாம் இருக்கட்டும். இந்த ஒண்டை மட்டும் நிப்பாட்டுவம்."

போடும்போது கேர்ணலுக்குக் கொடுக்கும் கட்டளையில் அந்த 2012 விண்டோஸின் பெயரை எழுதி, அதற்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டாள். இதுக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லாதை என்று அர்த்தமாம். அணைத்து மறுபடி போட்டாள். திரை பளிச்சென்று விடிந்தது. தனோஜனின் நெற்றியும் விடிந்தது.

உதயகலா கண்ணைக் கூசிக்கொண்டு கேட்டாள்: "இத்தினை பொய்யுக்குள்ளை, இதுதான் கூடாத பொய் எண்டு எப்பிடிப் பிள்ளை பிடிச்சனீர்?"

ஆரணி பையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எந்தப் பொய்யை நம்பி மற்றப் பகுதி தன்ரை வேலையைக் கைவிடுதோ, அதுதான் அன்ரி."

வியாழக்கிழமை முழுவதும் உதயகலாவுக்குக் கறி கரிந்தது. தேங்காய் துருவியபடி தன்னுடைய ஏழு பொய்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளையின் உயரத்தில் ஒன்றரை அங்குலம் கூட்டியது, போகட்டும், செருப்பு இருக்கிறது. தலைமயிர்ப் பொய் நேற்றோடு முடிந்தது. வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டான் என்றது, ஆரணிக்குச் சமையல் என்றால் உயிர் என்றது, சங்கீதம் படித்தவள் என்றது. படித்தவள்தான், மூன்று வகுப்பு. இரு பகுதியும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்ற ஆறாவது பொய் எல்லாக் கலியாணத்துக்கும் பொது. இதையெல்லாம் நம்பி எவரும் எதையும் கைவிடவில்லை.

ஏழாவதில் கை நின்றது. தேங்காய்ப் பாதி உருண்டு போனது.

ஆரணி முதல் நாளே சொல்லியிருந்தாள், வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகமாட்டேன் என்று. தனோஜனும் முதல் நாளே சொல்லியிருந்தான், டென்மார்க்கை விட்டு வரமாட்டேன் என்று. உதயகலா அங்கே, "பிள்ளை வந்திடும்" என்றாள். இங்கே, "பொடியன் வந்திடுவான்" என்றாள். தாலி ஏறினால் ஒருவர் இறங்கி வருவார், எல்லாரும் அப்படித்தானே என்பது அவளுடைய நம்பிக்கை. அருந்ததி அதை நம்பி, முழங்கால் வருத்தத்துக்கு நகரசபை அனுப்புகிற உதவிப் பெண்ணை, மருமகள் வரப்போகிறா என்று சித்திரையோடு நின்றுவிடச் சொல்லிவிட்டாள். றஜனி அதை நம்பி, மருமகனுக்கென்று மாடியில் அறை கட்டி எடுப்பதற்கு ஒழுங்கையோரம் சீமெந்தும் கல்லும் இறக்கி வைத்துவிட்டாள். சனிக்கிழமை மேசன் வருகிறான்.

உதயகலாவுக்கு வெட்கமாக இருந்தது. தொழில் தொடங்கிய நாளிலிருந்து பயம் வந்திருக்கிறது, கோபம் வந்திருக்கிறது, வெட்கம் வந்தது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு மூன்று தரம் றஜனியின் படலைவரை போனாள். மூன்று தரமும் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு அவளுடைய விறாந்தையில் எல்லாரும் கூடினார்கள். ஸ்ரூலின் மேல் லப்டொப். ஆரணி பச்சைச் சேலையில், பக்கத்தில் றஜனி. அருளம்பலம் தட்டில் வடையோடு கதவடியில். திரையில் அருந்ததியும் தனோஜனும் தெளிவாகத் தெரிந்தார்கள். டென்மார்க்கில் விடிந்து கொஞ்ச நேரம்.

சுகம் விசாரித்து முடிந்ததும் அருந்ததி மடியிலிருந்து எதையோ தூக்கிக் காட்டினாள். செம்மஞ்சள் நிறத்தில் தடித்த குளிர்ச் சட்டை. "பிள்ளைக்கு அளவு காணுமோ? ஸ்நோவுக்கு வேணுமெல்லே?"

றஜனி அதைப் பார்த்தாள். "வடிவாயிருக்கு. ஆனா இஞ்சத்தை வெக்கைக்கு..." என்று இழுத்துவிட்டு, "நாங்களும் உங்களுக்கு ஒண்டு காட்டோணும். உதயகலா, லப்டொப்பை ஒழுங்கைப் பக்கம் திருப்பு. சீமெந்து தெரியட்டும்" என்றாள்.

உதயகலா ஸ்ரூலருகே குனிந்தாள். அவள் விரலுக்குக் கீழேயே வெளிச்சம் குறைக்கிற பொத்தான் இருந்தது. நாலு தரம் அமத்தினால் திரை கறுத்துவிடும். ஐயோ, பழையபடி பழுதாகிப்போச்சு என்று தலையில் கைவைத்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு கிழமை கிடைக்கும். விரல் பொத்தானில் தொட்டது. ஒரு தரம் அமத்தியும்விட்டாள். அருந்ததியின் முகம் சற்று மங்கியது. அந்த மங்கலிலும் அவள் குளிர்ச் சட்டையைக் கீழே இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உதயகலா வெளிச்சத்தைத் திரும்பக் கூட்டினாள்.

"ஒருத்தரும் ஒண்டும் காட்டாதேங்கோ" என்றாள். "நான் ரெண்டு பகுதிக்கும் பொய் சொன்னனான். ஆரணி அங்கை வரமாட்டா. தம்பி இஞ்சை வரமாட்டார். ரெண்டு பேரும் முதல் நாளே சொன்னவை. நான்தான் மறைச்சனான்."

அருளம்பலத்தின் தட்டிலிருந்து ஒரு வடை விழுந்தது. றஜனி மெதுவாகத் திரும்பி, இருபது வருடமாகப் பார்த்த முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல உதயகலாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு அடி அடித்திருக்கலாம்.

முதலில் வாய் திறந்தவன் தனோஜன். "அப்ப, நீங்கள் வேலையை விட விருப்பமில்லையோ?"

"இல்லை" என்றாள் ஆரணி. "நீங்கள்?"

"நானும் இல்லை."

"அப்ப ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை."

"ஓம்" என்று அவன் சிரித்தான். ஆரணியும் சிரித்துவிட்டாள். முடிந்தது என்று உதயகலா நினைத்தாள். நாற்பத்து மூன்றாவது இல்லை, ஒழுங்கையும் இல்லை, தேங்காயும் இல்லை.

"நான் போவன்" என்றது ஒரு குரல்.

அருந்ததி. குளிர்ச் சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "அம்மா, என்ன சொல்லுறியள்?" என்று தனோஜன் திரும்பினான்.

"ரெண்டு தரம் ஐசிலை வழுக்கிக் கை முறிஞ்சது. நீ வேலைக்குப் போனால் நாள் முழுக்க யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். உதவிக்கு வாற பிள்ளையோடை தலையாட்டத்தான் தெரியும், கதைக்கத் தெரியாது. பதினொரு வருசம், தம்பி. மருமகள் வந்தால் கதைக்க ஒரு ஆள் எண்டுதான் இந்தச் சட்டையை வாங்கினனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் கட்டினாலும் சரி, கட்டாட்டிலும் சரி. நான் இணுவிலுக்கு வாறன். வாடகைக்கெண்டாலும் அறை தருவீங்களோ, றஜனி?"

தனோஜன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இது புதுச் செய்தி என்பது அந்த நெற்றி முழுவதும் எழுதியிருந்தது. உதயகலாவுக்கும் கண் கலங்கியது. அறுநூறு குறிப்பு வைத்திருந்தும் இந்த ஒரு மனிசியிடம் உமக்கு என்ன வேணும் என்று தான் கேட்கவில்லையே என்று நொந்துகொண்டாள்.

"மாடி ஏறுவியளோ?" என்று கேட்டாள் றஜனி.

"முழங்கால் விடாது."

"அப்ப கீழைதான் எடுக்கோணும்."

ஆரணி உதயகலாவின் பக்கம் சரிந்து, "அன்ரி, அவரின்ரை நம்பர்" என்றாள். உதயகலா மறுபேச்சில்லாமல் சொன்னாள்.

லப்டொப்பை மூடிய பிறகு றஜனி செருப்பைப் போட்டுக்கொண்டு படலைவரை போனாள். அங்கே நின்று, திரும்பாமலே சொன்னாள்: "உதயகலா, நாளைக்கு ஏழு மணிக்கு மேசன் வருவான். மாடி இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். நீதான் வந்து சொல்லோணும்."

திட்டவில்லை, வரச் சொன்னாள். உதயகலாவுக்கு உடம்பெல்லாம் லேசாகியது.

சனிக்கிழமை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கவே ஒழுங்கையைத் தாண்டிப் போய்ச் சீமெந்துப் பைகளின் பக்கத்தில் நின்றாள். றஜனி வீட்டுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேசன் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கதையைக் கேட்டான், தலையைச் சொறிந்தான்.

"அப்ப அக்கா, மாப்பிள்ளை வாறது நிச்சயமோ, இல்லையோ? அறையை எந்த அளவிலை எடுக்கிறது?"

உதயகலாவின் நாக்கு நுனிக்கு முப்பது வருடப் பழக்கத்தில் ஓம் என்ற சொல் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"மாப்பிள்ளை எனக்குத் தெரியாது, தம்பி" என்றாள். "மாமி வாறா. நீ கட்டு."